காட்டு நெல்லைப் பற்றிக் கவலை வேண்டாமாம்

காட்டு நெல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று பேச்செடுத்தால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். சதுப்பில் புல்லுக்கா பஞ்சம் என்பது ஒன்று. மற்றது கொஞ்சம் படித்தவர்களின் பதில்: சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்தக் காட்டு நெல், அதாவது ஒரைசா ரூஃபிபோகோன், ‘கவலை குறைந்த இனம்’ என்றுதான் இருக்கிறது, பிறகென்ன? முதல் பதிலைச் சிரித்துத் தள்ளிவிடலாம். இரண்டாவதைத் தள்ள முடியாது, அதில் பொய் எதுவும் இல்லை. இந்தியா, இலங்கை, மியன்மார், தாய்லாந்து, தென் சீனா, மலேசியா, இந்தோனேசியா, நியூகினி என்று வட அவுஸ்திரேலியா வரைக்கும் குளம், ஓடை, சதுப்பு எங்கும் பரவியிருக்கும் ஒரு புல்லை அழிந்துவரும் இனம் என்று யாரும் எழுத முடியாது. எழுதினால் அதுதான் பொய். ஆனால் அந்தப் பட்டியல் விடை சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு: இந்த இனம் பூமியிலிருந்து முற்றாக மறைந்துவிடுமா? நெல்லின் மூதாதையான இந்தச் செடியைப் பொறுத்தவரை அது பிழையான கேள்வி. இந்தப் புல்லில் மனிதருக்குப் பயன்பட்டதெல்லாம் குறிப்பிட்ட ஒரு குட்டையில், குறிப்பிட்ட ஒரு கூட்டத்தில் இருந்தே வந்திருக்கிறது. ஆகவே கணக்கைக் குட்டை குட்டையாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், கொழும்புக்கு அருகே உள்ள ஹெந்தளை போன்ற நகரோரச் சதுப்புகளைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்வதில் பாதி தலைகீழாகிவிடுகிறது.

முதலில் செடி. நெல் என்று சொன்னால் நம்பலாம், வயல் நெல் என்று சொன்னால் நம்ப முடியாது. வயல் நெல்போல நிமிர்ந்து நிற்க இதற்கு அவசியமில்லை. தண்ணீர் ஏற ஏறத் தண்டும் நீண்டு மேலே வரும். வடிந்தால் சேற்றில் சாய்ந்து, கணுக்களில் வேர்விட்டு, அங்கிருந்து புதிதாக எழும். பல்லாண்டுச் செடி, விதை விழாத ஆண்டிலும் தண்டாலேயே இனத்தைப் பெருக்கிக்கொள்ளும். இலை தண்டோடு சேரும் இடத்தில் நீண்டு, கூராகி, நுனியில் இரண்டாகப் பிளந்த ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். கதிர் வராத காலத்தில் பக்கத்துப் புற்களிலிருந்து இதைப் பிரித்தறிய அந்தச் சவ்வை விட்டால் பெரிய அடையாளம் இல்லை. கதிர் வந்துவிட்டால் சந்தேகமே வராது. ஒவ்வொரு மணியின் நுனியிலும் பல சென்ரிமீற்றர் நீளத்துக்குச் சிவந்த வால். தொட்டால் அரத்தைப்போலச் சொரசொரக்கும். மணி முற்றியதும் அறுவடைக்காகக் காத்திருப்பதில்லை. கதிரின் நுனியில் தொடங்கி ஒவ்வொன்றாக உதிர்ந்து, வாலின் உதவியால் சேற்றில் செருகிக்கொள்ளும். உமியை உரித்தால் உள்ளே சிவப்பு அரிசி. நெல்லை மனிதன் வசப்படுத்திய கதையின் பெரும்பகுதி இந்த உதிர்வை நிறுத்திய கதைதான். மணியைக் கதிரோடு பிடித்துவைப்பதில் முக்கிய பங்கு கொண்ட ஒரு மரபணுவை 2006-இல் அடையாளம் கண்டார்கள். அதில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியதுதான் பெரிய வித்தியாசம். அவ்வளவு சிறிய மாற்றத்தின் மேல்தான் நம் சோற்றுப்பானை நிற்கிறது.

இலங்கை இந்த விஷயத்தில் ஒரு சிறு அதிசயம். இவ்வளவு சிறிய தீவில் ஐந்து வகைக் காட்டு நெல் இருக்கின்றன. ஓராண்டில் வாழ்வை முடிக்கும் ஒரைசா நிவாரா, கோடையில் வற்றும் வறண்ட வலயக் குளங்களின் ஓரத்தில் வளரும். ஒரைசா ஐக்கிங்கேரி இங்கும் கிழக்கு ஆபிரிக்காவிலும் இருக்கிறது, இடையே இந்தியாவில் இல்லை. ஏன் என்று இன்னும் வாதாடுகிறார்கள். ஒரைசா கிரானுலாட்டா தண்ணீரை விட்டு விலகிக் காட்டு நிழலில் நிற்கும். வேர்த்தண்டால் பரவும் ஒரைசா ரைசோமாட்டிஸை இலங்கையில் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு தனி இனமாக டங்கன் வாகன் 1990-இல் விவரித்தார். அதுவும் வறண்ட வலயத்துச் செடி. ஐந்தாவதுதான் நம்முடைய ரூஃபிபோகோன். வருடம் முழுதும் ஈரம் வற்றாத, ஆழமும் ஆழமின்மையும் மாறி மாறி வரும் தாழ்நிலத்துக்குரிய புல் அது. இலங்கையில் அதற்கான இடம் ஈரவலயத்தின் கரையோரத் தாழ்நிலங்கள். வரைபடத்தை எடுத்து அந்த வலயத்தின்மேல் இன்னொரு தாளை வைத்துப் பாருங்கள். வத்தளை, கொழும்பு, மொறட்டுவை, பாணந்துறை என்று நாட்டின் நெரிசலான பகுதி அப்படியே அதன்மேல் பொருந்தும். வறண்ட வலயத்து இனங்களுக்கு வில்பத்து போன்ற பெரிய காப்பகங்களின் நிழல் உண்டு. ஈரவலயத்து நெல்லுக்கு வாய்த்திருப்பது வீட்டுமனை விளம்பரப் பலகைகளின் நிழல். உலக அளவில் கவலை குறைந்த இனம், உள்ளூரில் நாட்டிலேயே விலை கூடிய காணியில் குடியிருக்கிறது.

ஒரு கூட்டம் போனால் என்ன, வேறிடத்தில் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு விடை நெல் ஆராய்ச்சி வரலாற்றிலேயே இருக்கிறது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் புல்குட்டை வைரஸ் நோய் புதிய குட்டை ரக நெல்லைத் தின்றுகொண்டிருந்தபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்புத் திறன் கிடைத்தது ஒன்றே ஒன்றில்: உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாராவின் ஒரு மாதிரி. அந்த மாதிரியிலும் எல்லாச் செடிகளிலும் இல்லை, சிலவற்றில் மட்டுமே. அதிலிருந்து பெற்ற மரபணுவைச் சுமந்துகொண்டு அந்த நிறுவனத்தின் குர்தேவ் குஷ் குழுவினர் உருவாக்கிய ஐஆர்36 என்ற நெல் ரகம் 1976-இல் வெளிவந்தது. அடுத்த பத்தாண்டில் ஒரு கோடி ஹெக்டயருக்கு மேல் பரவியது. ஆசியாவில் நிவாரா நிறைய இருந்தும் ஒரு குட்டைதான் உதவியது. ரூஃபிபோகோனின் கதையும் அதுதான். 1970-இல் ஹைனான் தீவில் சீன நெல் ஆய்வாளர் யுவான் லோங்பிங்கின் உதவியாளர் லி பிஹு கண்டெடுத்த, மகரந்தம் சூம்பிய ஒரேயொரு காட்டு நெல் செடி சீனாவின் கலப்பின நெல்லுக்கே தாயாயிற்று. 1996-இல் மலேசியாவிலிருந்து வந்த ஒரு ரூஃபிபோகோன் மாதிரியில், ஏற்கெனவே உச்ச விளைச்சல் தரும் ரகத்தை இன்னும் கூட்டித் தரக்கூடிய மரபணுப் பகுதிகளைக் கண்டார்கள். இத்தனைக்கும் அந்தச் செடியைப் பார்த்தால் விளைச்சல் என்ற நினைப்பே வராது. நாலு மணி காய்த்து அதையும் உதிர்த்துவிடும். எந்தக் குட்டையில் எது இருக்கிறது என்பது செடியின் முகத்தில் எழுதியிருக்காது. இனம் பிழைத்திருப்பதாலேயே அதற்குள் இருக்கும் வேறுபாடுகளும் பிழைத்திருக்கும் என்று எண்ணுவது, தமிழர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், ஆகவே எந்தத் தமிழ் ஊரும் அழியாது என்பதைப் போன்ற கணக்கு.

இந்தக் கூட்டங்கள் எப்படி மறைகின்றன என்பதற்கும் சாட்சி இருக்கிறது. தாய்வானில் காட்டு நெல் 1970-களின் இறுதிக்குள் அற்றுப்போனது. 1979-இல் அதைப் பதிவு செய்த ஆய்வாளர்கள் காட்டிய காரணங்களில் நிலம் மாறியதும் நீர்நிலை கெட்டதும் உண்டு. யோசிக்க வைப்பது இன்னொரு காரணம்: சுற்றிலும் வயல்கள் நெருங்கிவர, வயல் நெல்லின் மகரந்தம் காட்டு நெல்லில் விழுந்து, தலைமுறை தலைமுறையாகக் காட்டுக் குணம் கரைந்துபோயிற்று. வெட்டியும் அழியவில்லை, எரித்தும் அழியவில்லை, கலந்து அழிந்தது. தாய்லாந்தில் ஒரு கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் கண்காணித்துவந்த ஜப்பானிய ஆய்வாளர்கள், நகரம் நெருங்க நெருங்க அந்தக் கூட்டம் துண்டுபட்டு, சுருங்கி, மறைந்ததை 1999-இல் எழுதினார்கள். உலகில் இந்த இனத்தின் வட எல்லை சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் டொங்சியாங் பகுதி. குளிரைத் தாங்கும் காட்டு நெல் அங்கேதான் இருக்கிறது. 1978-இல் கண்டுபிடித்தபோது ஒன்பது கூட்டங்கள் இருந்தன, பின்னர் மிஞ்சியவை மூன்று. காக்கச் சுவர் கட்ட வேண்டியதாயிற்று. இந்த மூன்று இடங்களிலும் அழிவு நடந்த காலம் முழுவதும் இனத்தின் உலக நிலை கவலைக்கிடமில்லாமல்தான் இருந்தது.

இங்கே ஒரு கனமான ஆட்சேபனை எழும். அதை எழுப்புபவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். 2017-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, ஆசியக் காட்டு நெல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் கலப்புக் கூட்டம்தான் என்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வயல் நெல்லின் மரபணு காட்டு நெல்லுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. சில ‘காட்டு’ நெல்கள் வயலிலிருந்து ஓடிப்போன நெல்லின் பேரப்பிள்ளைகள். அப்படியென்றால் காப்பாற்றத் தூய்மையான காட்டு நெல் என்று எதுவும் இல்லையே? இந்த ஆய்வை நான் ஏற்கிறேன். அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் ஏற்கவில்லை. எல்லாக் கூட்டமும் கலந்தவை என்றால், எல்லாம் ஒரே அளவு கலந்தவை என்று பொருளில்லை. சில இடங்களில் கொஞ்சம், சில இடங்களில் மிக அதிகம். நெல்லின் மகரந்தம் காற்றில் சில நிமிடங்களுக்குமேல் உயிரோடு இருப்பதில்லை, அதிக தூரம் போவதும் இல்லை. ஆகவே கலப்பின் அளவைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு, பக்கத்தில் வயல் இருக்கிறதா, இருந்தால் இரண்டும் ஒரே காலத்தில் பூக்கின்றனவா என்பதற்குத்தான். பரந்த வயல்வெளிக்கு நடுவே வாய்க்கால் ஓரம் நிற்கும் காட்டு நெல், பார்க்க எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், ஒவ்வொரு போகத்திலும் கொஞ்சம் கரைகிறது. வயல் இல்லாத சதுப்பில் நிற்பது அப்படிக் கரைவதில்லை.

இதை வைத்துப் பார்த்தால் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் நிலைமை விசித்திரமாகத் தெரிகிறது. இந்தப் பகுதியில் வயல் செய்வது கட்டுப்படியாகாமல் தாழ்நிலங்களைக் கைவிட்டுக் காலமாயிற்று. விவசாய அதிகாரிகள் அதைக் குறையாகச் சொல்வார்கள். அவர்கள் நோக்கில் குறைதான். ஆனால் வயல் நெல்லின் மகரந்தம் வராத, தண்ணீர் தேங்கும், வெயில் படும் தாழ்நிலம் இன்று ஆசியாவில் எளிதில் கிடைக்காத பொருள். கிராமத்து வயல்வெளியைவிட நகரத்தின் கைவிடப்பட்ட சதுப்பு காட்டு நெல்லின் மரபுக்குப் பாதுகாப்பான இடமாக இருக்கக்கூடும். இது ஆய்வுகளிலிருந்து நான் எடுக்கும் அனுமானம்தான், ஆனால் குருட்டு அனுமானம் அல்ல. மண் போட்டு நிரப்புவது, குப்பை கொட்டுவது, நீரோட்டத்தை அடைப்பது என்று நகரத்தின் ஆபத்துகள் வேறு. வயலோரத்தில் மரபு கரைவதை நிறுத்த வேறு வழியே இல்லை. வயலைத்தான் எடுக்க வேண்டும், அதை யாரும் கேட்கவும் கூடாது. மண் லொறியை நிறுத்த வழி இருக்கிறது. தடுக்கக்கூடிய ஆபத்து உள்ள இடத்தில்தானே பாதுகாப்புக்குச் செலவு செய்ய வேண்டும்?

ஹெந்தளை அப்படிப்பட்ட நிலத்தின் தெற்கு வாசல். களனி ஆற்று முகத்துக்கு அருகே தொடங்கி நீர்கொழும்புக் களப்பு வரை நீளும் முத்துராஜவெல, ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழைமையான, 3,068 ஹெக்டயர் பரப்புள்ள கரியசேற்று நிலம். இலங்கைக் கரையோரத்தில் இதைவிடப் பெரிய கரியசேறு இல்லை. இது ஒருகாலத்தில் அரசருக்கு நெல் விளைந்த நிலம் என்பது ஊர் வழக்கு. கடல்நீர் உள்ளே ஏறி வயல் கெட்டதும், அந்த உப்பை வடிக்கவென்று ஆங்கிலேயர் 1802-இல் தொடங்கி 1804-இல் முடித்த ஹமில்டன் வாய்க்காலும் பதிவான வரலாறு. வாய்க்கால் இன்றும் ஹெந்தளை வழியாகத்தான் ஓடுகிறது. நெல் திரும்பி வரவில்லை. ஒல்லாந்தர் வெட்டிய பழைய வாய்க்கால் சதுப்பின் கிழக்கே கிடக்கிறது. இரண்டு வாய்க்கால்களையும் வெட்டியவர்கள் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் உப்பு எவ்வளவு தூரம் ஏறும், நன்னீர் எத்தனை நாள் தங்கும் என்பதை அன்றிலிருந்து இன்றுவரை தீர்மானிப்பவை அந்த வெட்டுகளும், வடக்கே தண்டுகம் ஓயா கொண்டுவரும் நீரும், தெற்கே களனியின் வெள்ளமும்தான். ரூஃபிபோகோன் உப்பை விரும்பும் புல் அல்ல. ஆக, இந்த நிலத்தில் காட்டு நெல்லுக்குரிய இடம் எவ்வளவு என்பதை வேலி தீர்மானிக்காது, மதகும் வாய்க்காலும் தீர்மானிக்கும்.

சரி, முத்துராஜவெல சரணாலயம்தானே, சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். சரணாலயம் என்று 1996-இல் பிரகடனம் செய்தது வடக்குப் பகுதியின் 1,777 ஹெக்டயரை. தெற்கே ஹெந்தளைப் பக்கம் அதற்கு வெளியே. கடல் மணலை இறைத்து உயர்த்திய கெரவலப்பிட்டி நிலத்தில் 300 மெகாவாட் யுகதனவி மின்நிலையம் நிற்கிறது. 2013-இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை சதுப்பின் ஓரத்தை அறுத்துக்கொண்டு போகிறது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து உயிர்கள் போன பின், நகரத்தின் குப்பை இந்தப் பக்கம் திரும்பியது. 1708-இல் ஒல்லாந்தர் தொழுநோயாளர் மருத்துவமனையை ஹெந்தளையில் கட்டியதிலிருந்தே கொழும்பு தன் கண்ணில் படக்கூடாதென்று நினைப்பதை இங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. முந்நூறு வருடத்து வழக்கத்தைத் திடீரென்று விடச் சொன்னால் கஷ்டம்தான். சரணாலயத்துக்கு உள்ளேயும் சட்டம் நாம் நினைக்கும் அளவுக்கு இறுக்கமானதல்ல. சரணாலயம் என்பது தேசியப் பூங்கா அல்ல. தனியார் காணியும் அதற்குள் இருக்கலாம், அந்தக் காணியில் பல வேலைகள் தொடரலாம். அதோடு, சதுப்பு நிரப்பும் திட்டம் பொதுவாக 4 ஹெக்டயரைத் தாண்டினால்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். காட்டு நெல்லின் ஒரு கூட்டம் வாழ 4 ஹெக்டயர் தேவையில்லை. ஒரு குட்டையும் அதன் கரையும் போதும். இருபது பேர்ச், நாற்பது பேர்ச் என்று துண்டு துண்டாக நிரப்பும்போது எந்த மதிப்பீட்டிலும் அகப்படாமலே ஒரு கூட்டம் முழுதாகப் போய்விடும். பெரிய திட்டங்களுக்கு வழக்கும் ஊர்வலமும் உண்டு. 2021-இல் முத்துராஜவெலவை நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கைக்கு மாற்ற முயன்றபோது பேராயர் மல்கம் ரஞ்சித்தே எதிர்த்து நின்றார். நாற்பது பேர்ச் நிரப்பலுக்கு எதிராக யாரும் ஊர்வலம் போவதில்லை.

விதை வங்கி இருக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபனை. கன்னொறுவையில் ஜப்பானிய உதவியோடு கட்டிய தாவர மரபு வள நிலையம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் சர்வதேச நிறுவனத்தின் குளிரறையில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன. இவை இல்லாமல் மேலே சொன்ன எந்தச் சாதனையும் நடந்திருக்காது. விதை வங்கியைக் குறைத்துப் பேசுபவன் நானில்லை. ஆனால் விதை வங்கியில் இருப்பது ஒரு குட்டையிலிருந்து ஒருநாள் ஒருவர் பறித்த சில கதிர்கள். முப்பது செடியில் மூன்றுக்கு மட்டும் இருக்கும் குணம் அந்தப் பையில் விழுந்திருக்கவும் கூடும், விழாமலும் போயிருக்கலாம். அதோடு ரூஃபிபோகோன் விதையைவிடத் தண்டால் பெருகுவதையே விரும்பும் செடி; நிறையக் காய்க்காது, காய்த்ததும் உதிரும். வங்கிக்கு இதைவிடச் சிரமமான வாடிக்கையாளர் இல்லை. இதெல்லாவற்றையும்விடப் பெரிய குறை, குளிரறையில் காலம் நின்றுவிடுகிறது. 1980-களில் உறையவைத்த விதைக்கு 1980-களின் பூச்சியும் நோயும்தான் தெரியும். வெளியே சேற்றில் நிற்கும் செடியோ ஒவ்வொரு வருடமும் புதிய நோயையும், ஏறிவரும் உப்பையும், முன்பு இல்லாத வெப்பத்தையும் சந்தித்து, தாங்காததை இழந்து, தாங்கியதைப் பெருக்குகிறது. கடல்மட்டம் உயரும் காலத்தில் ஒரு கரையோரச் சதுப்பில் நன்னீருக்கும் உப்புக்கும் நடுவே அல்லாடும் நெல் என்ன கற்றுக்கொள்கிறது என்பதைக் குளிரறையில் இருக்கும் அதன் தாய்விதையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

விவசாயிகளின் ஆட்சேபனைக்கு வேறு மாதிரியான மரியாதை தர வேண்டும், ஏனென்றால் நஷ்டப்படுபவர்கள் அவர்கள். 1990-களிலிருந்து அம்பாறை முதலிய மாவட்டங்களின் வயல்களில் களை நெல் பெருந்தொல்லையாகிவிட்டது. பயிரோடு பயிராக வளரும், பயிருக்கு முன்பே உதிரும், அடுத்த போகத்தில் இரண்டு மடங்காய் முளைக்கும். களைநாசினி அடித்தால் நெல்லையும் கொல்லும், ஏனென்றால் அதுவும் நெல். இப்படி அடிபட்டவரிடம் போய்க் காட்டு நெல்லைக் காப்பாற்றுங்கள் என்றால் நம்மை எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று தெரியும். ஆனால் அந்தக் களையைக் கொண்டுவந்தது பெரும்பாலும் சதுப்பு அல்ல. நாற்று நடுவதை விட்டு விதைப்புக்கு மாறியதும், சுத்தமில்லாத விதைநெல்லும், வயலுக்கு வயல் போகும் அறுவடை இயந்திரமும்தான் அதைப் பரப்பின. நாற்று நட்ட காலத்தில் வரிசைக்கு வெளியே முளைத்ததைப் பிடுங்க முடிந்தது, தேங்கிய நீர் மற்றதை முளைக்கவிடாமல் அமுக்கியது. வயலோரத்தில் காட்டு நெல் இருந்தால் கலப்பு நடந்து களை நெல் இன்னும் முரடாகும் என்பது உண்மை. அதனால்தான் காப்பகத்தை வயலோரத்தில் வைக்காதீர்கள், வயல் போன இடத்தில் வையுங்கள் என்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் விவசாயியின் நலனும் புல்லின் நலனும் ஒரே பக்கம் நிற்கின்றன.

வீடில்லாத சனங்கள் இருக்கும்போது புல்லுக்கு நிலமா என்ற கேள்வியைக் கடைசிவரை தள்ளிவைத்தது அதைத் தவிர்க்க அல்ல. சதுப்பின் ஓரத்தில் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய வீடுகளில் இருப்பவர்கள் பணக்காரர் அல்ல. அவர்களை வில்லனாக்கும் சூழலியல் எழுத்து எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் சதுப்பை நிரப்பினால் தண்ணீர் போகுமிடம் முதலில் அவர்கள் வீடுதான். 2003-இல் இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்துக்காகச் செய்த மதிப்பீடு, முத்துராஜவெல ஆண்டுக்கு ஏறத்தாழ 80 லட்சம் டொலர் பெறுமதியான சேவை செய்கிறது என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத்தைத் தாங்கிக்கொள்வதால் வருவது என்றும் கணக்கிட்டது. 2016 மேயில் களனி பெருகியபோது அந்தக் கணக்கின் பொருள் வத்தளைப் பக்கத்தவர்களுக்கு விளங்கியிருக்கும். புல்லுக்காக நிலத்தை விடச் சொல்லத் தேவையில்லை. வெள்ளத்துக்காக எப்படியும் விட வேண்டிய நிலத்தில் புல்லையும் இருக்கவிடச் சொன்னால் போதும். கொழும்பு 2018-இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. தலைநகரங்களில் அதுவே முதல். அங்கீகாரப் பலகைக்குப் பின்னால் என்ன வளர்கிறது என்று பார்ப்பதுதான் மிச்சம்.

வேலி போட்டுவிட்டுப் போவதும் தீர்வாகாது. காட்டு நெல் வெளிச்சம் கேட்கும் செடி. உயரமான சம்பும், வெல் ஆத்தா என்று சிங்களத்தில் சொல்லும் சீத்தா இனத்து வெளிநாட்டு மரமும், நீர்ப்பரப்பை மூடும் ஆற்றுவாழையும் நெருங்கினால் நிழலில் ஒடுங்கிப்போகும். எருமை மேய்ந்து மிதித்த காலத்தில் அந்த நெருக்கம் தானாகவே குறைந்தது. இப்போது எருமையும் இல்லை, ஆகவே யாராவது வெட்ட வேண்டும். மதகைத் திறப்பவருக்குக் கதிர் எப்போது வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சுற்றாடல் மதிப்பீட்டுக்குத் தாவரக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் நாள் குறுகிவரும் மாதங்களில் போக வேண்டும், ஏனென்றால் இந்தச் செடி கதிர்விடுவது அப்போதுதான். ஜூனில் போய் இரண்டு நாள் நடந்தால் பட்டியலில் ‘புற்கள்’ என்று ஒரு வரி விழும், அதோடு கோப்பு மூடப்படும். சிறிய நிரப்பல்களுக்கு அனுமதி கேட்கும் படிவத்தோடும் அதே காலத்தில் எடுத்த ஒரு கதிரின் படத்தைக் கேட்கலாம். சிவந்த வால் நீளமாக இருந்தால், அந்த விண்ணப்பம் ஒருமுறை கன்னொறுவைக்கும் போய்வரட்டும்.